பூனைக்குட்டிக்குப் பால் மட்டும் போதுமா?

பரண் மேல் ஒரு பழைய கூடை. கூடைக்குள் கந்தல் துணி. துணிக்குள் மூன்று பூனைக்குட்டிகள். கண் இன்னும் திறக்கவில்லை. "மீ... மீ..." என்று கத்துகின்றன.

இந்தக் காட்சி எந்த ஊருக்கும் பொருந்தும். கொல்கத்தாவில் மாடிப்படிக்கு அடியில் இருக்கும். நாக்பூரில் தானிய மூட்டைகளுக்கு நடுவே இருக்கும். கொச்சியில் வலை போட்டு வைக்கும் கொட்டகையில் இருக்கும்.

வீட்டுப் பிள்ளைகள் ஓடி வருகிறார்கள்.

"பாட்டி, பாட்டி! குட்டிக்குப் பசிக்குது. பால் குடு பாட்டி!"

பாட்டி கிண்ணத்தில் பால் ஊற்றித் தருகிறார். குட்டிக்கு நக்கத் தெரியவில்லை. உடனே பிள்ளைகள் அதை மல்லாக்கப் படுக்க வைக்கிறார்கள். பாலாடையால் வாயில் பாலைப் புகட்டுகிறார்கள். பாதிப் பால் மூக்கு வழியாக வருகிறது. இரண்டாம் நாள் ஒரு குட்டி செத்துப் போகிறது. நான்காம் நாள் இன்னொன்று.

"அதோட விதி அவ்வளவுதான்" என்கிறார் பாட்டி.

விதி இல்லை. கொடுத்த பாலும் கொடுத்த விதமும்தான் காரணம். அன்பாகத்தான் கொடுத்தார்கள். ஆனால் பூனைக்குட்டியின் வயிறு மனிதக் குழந்தையின் வயிறு இல்லை. கன்றுக்குட்டியின் வயிறும் இல்லை.

முதலில் தாயைத் தேடுங்கள்

குட்டிகளைப் பார்த்ததும் தூக்கி வந்துவிடக் கூடாது. தாய்ப்பூனை இரை தேடப் போயிருக்கும். சில மணி நேரம் கழித்துத் திரும்பி வரும். ஆள் நடமாட்டம் இருந்தால் எட்ட நின்று பார்க்கும். கிட்டே வராது.

குட்டிகள் கதகதப்பாக இருக்கின்றனவா? வயிறு உருண்டையாக இருக்கிறதா? சத்தம் போடாமல் ஒன்றன் மேல் ஒன்று படுத்துத் தூங்குகின்றனவா? அப்படியானால் தாய் வந்து பால் கொடுக்கிறது என்று பொருள். வயிறு ஒட்டி, உடம்பு சில்லிட்டு, ஓயாமல் கத்தினால்தான் ஆபத்து.

சந்தேகமாக இருந்தால் ஒரு வழி உண்டு. கூடையைச் சுற்றித் தரையில் கொஞ்சம் மாவு தூவி வையுங்கள். சில மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். மாவில் பூனையின் கால் தடம் இருந்தால் தாய் வந்து போயிருக்கிறது. உங்களுக்குக் கவலை இல்லை.

பூனை தன் குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்று சொல்வார்கள். இடம் பிடிக்காவிட்டால் ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு போகும். அதனால் அடிக்கடி போய்த் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

தாய் இருந்தால் குட்டிக்கு நீங்கள் எதுவும் சமைக்க வேண்டியதில்லை. தாய்க்குச் சாப்பாடு போடுங்கள். பால் கொடுக்கும் பூனைக்கு வழக்கத்தைப் போல் இரண்டு, மூன்று மடங்கு தீனி தேவைப்படும். மீன் தலை, கோழிக் குடல் கழிவுகளில் ஈரல், இதயம் போன்றவை, முட்டை ஆகியவற்றை வேகவைத்துப் போடலாம். பக்கத்தில் தண்ணீர் வையுங்கள். குட்டிகளைக் காப்பாற்ற இதைவிட எளிய வழி கிடையாது. செலவும் குறைவு.

தாய் வண்டியில் அடிபட்டுச் செத்திருக்கலாம். யாரோ குட்டிகளை மட்டும் சாக்கில் கட்டிக் கொண்டு வந்து போட்டிருக்கலாம். இப்படிப் பிராணிகளைப் பட்டினியில் விட்டுவிட்டுப் போவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனாலும் நடக்கிறது. அப்போது வேலை உங்கள் கைக்கு வந்துவிடுகிறது.

சூடு முதலில், பால் பிறகு

பிறந்த பூனைக்குட்டியின் எடை சுமார் 100 கிராம். நான்கு எலுமிச்சம்பழ எடை கூட இருக்காது. அதன் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது. தாயின் வயிற்றோடு ஒட்டிப் படுத்துத்தான் சூடு பெறும். தாய் இல்லாவிட்டால் சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

குளிர்ந்த குட்டிக்குப் பால் கொடுக்கவே கூடாது. உடம்பு குளிர்ந்தால் குடலும் வேலை செய்யாது. உள்ளே போன பால் செரிக்காமல் அப்படியே தங்கிக் கெட்டுப் போகும். பல குட்டிகள் இதனால்தான் சாகின்றன. பசியால் சாவதைவிட வேகமாக இது நடக்கிறது.

உங்கள் சுண்டு விரலைக் குட்டியின் வாய்க்குள் வைத்துப் பாருங்கள். உள்ளே சில்லென்று இருக்கிறதா? முதலில் சூடு கொடுங்கள். ஒரு பாட்டிலில் வெந்நீர் ஊற்றி இறுக மூடுங்கள். துணியால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ளட்டும். அடுப்பின் அருகே வைப்பது, வெந்நீரில் முக்குவது எல்லாம் வேண்டாம். மெதுவாகச் சூடு ஏற வேண்டும். ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. குட்டி அசைந்து, வாயால் எதையோ தேட ஆரம்பிக்கும். அதுதான் பால் கொடுக்கும் நேரம்.

பசும்பாலில் என்ன குறை?

பசுவின் பால் கன்றுக்காக உண்டானது. கன்று மெதுவாக வளரும். பூனைக்குட்டியோ ஓரிரு வாரத்தில் இரண்டு மடங்கு எடை ஆகிவிடும். அதற்கு ஏற்றபடி பூனையின் பாலில் புரதச் சத்து அதிகம். பசும்பாலில் இருப்பதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். கொழுப்பும் அதிகம்.

அதனால் வெறும் பசும்பால் குடிக்கும் குட்டி வயிறு நிறைந்தும் பட்டினி கிடக்கிறது. குறையை ஈடுகட்ட இன்னும் இன்னும் குடிக்கிறது. பாலில் உள்ள சர்க்கரை வயிற்றில் தங்கி, பேதி ஆகிறது. இவ்வளவு சின்ன உடம்பு ஒரு நாள் பேதியைக்கூடத் தாங்காது.

சிலர் "குட்டிக்குச் செரிக்காது" என்று பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றுவார்கள். அது இன்னும் கெடுதல். இருக்கிற கொஞ்சம் சத்தும் பாதியாகிவிடும். மனிதக் குழந்தைகளுக்கான பால் மாவும் ஆகாது. அதில் புரதம் பசும்பாலைவிடவும் குறைவு. டப்பாவில் வரும் இனிப்புப் பாலும் வேண்டாம்.

பூனைக்குட்டிகளுக்கென்றே பால் மாவு விற்கிறார்கள். நகரங்களில் கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும். வாங்க முடிந்தால் அதுவே நல்லது. கிடைக்கும் வரை ஓரிரு நாள் சமாளிக்க வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

தண்ணீர் கலக்காத பால் அரை டம்ளர் எடுங்கள். 100 மில்லி லிட்டர் போதும். பசும்பாலோ ஆட்டுப் பாலோ ஆகட்டும். காய்ச்சி இறக்குங்கள். ஒரு கோழிமுட்டையின் மஞ்சள் கருவை மட்டும் கிண்ணத்தில் எடுத்து நன்றாக அடியுங்கள். வெள்ளைக் கருவைச் சேர்க்கக் கூடாது. சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள் கருவில் ஊற்றிக் கலக்குங்கள். மறுபடியும் சின்னத் தீயில் வைத்துக் கிண்டுங்கள். சற்றுக் கெட்டியானதும் இறக்கிவிடுங்கள். கொதித்தால் முட்டை திரிந்து கட்டியாகிவிடும். பிறகு மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். சர்க்கரை வேண்டாம். உப்பும் வேண்டாம்.

குளிர்பதனப் பெட்டி இருந்தால் ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். இல்லாத வீட்டில் கொஞ்சமாகச் செய்யுங்கள். கொடுத்தது போக மீதியைப் பெரிய பூனைக்கு ஊற்றிவிடுங்கள். வெயில் காலத்தில் இந்தப் பால் சீக்கிரம் கெட்டுவிடும்.

எப்படிப் புகட்டுவது?

மனிதக் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துப் பால் கொடுக்கிறோம். பூனைக்குட்டிக்கு அது கூடாது. தாயிடம் பால் குடிக்கும் குட்டி எப்படி இருக்கிறது? குப்புறப் படுத்து, தலையை லேசாகத் தூக்கியிருக்கும். அப்படியேதான் நாமும் வைத்துக்கொள்ள வேண்டும். மல்லாக்கப் போட்டால் பால் மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். நுரையீரலில் சளிக் காய்ச்சல் வந்து குட்டி செத்துவிடும். பரண் கூடையில் இருந்த முதல் குட்டிக்கு நேர்ந்தது இதுதான்.

பாலாடை வேண்டாம். அதில் பால் ஒரேயடியாக வாய்க்குள் கொட்டும். மருந்துக் கடையில் சொட்டு மருந்துக் குழாய் கிடைக்கும். ஊசி இல்லாத சின்ன சிரிஞ்சும் கிடைக்கும். வெந்நீரில் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். பாலின் சூட்டை உங்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. குட்டியின் வாய் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அது விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு. மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்துங்கள். தலையைக் கீழாகச் சாய்த்துத் துடைத்து விடுங்கள்.

100 கிராம் எடையுள்ள குட்டிக்கு ஒரு தடவைக்கு 3 மில்லி லிட்டர் போதும். மிஞ்சிப் போனால் 4. ஒரு டீஸ்பூன் அளவு கூட இல்லை! அதன் வயிறு அவ்வளவுதான். "இன்னும் கொஞ்சம் குடிக்கட்டுமே" என்று ஊற்றினால் வயிறு உப்பிவிடும். முதல் வாரம் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. இரவிலும் எழுந்து கொடுக்கத்தான் வேண்டும். இரண்டாம் வாரம் நான்கு மணிக்கு ஒரு தடவை. மூன்றாம் வாரம் ஐந்து மணிக்கு ஒரு தடவை. எடை ஏற ஏற அளவும் ஏறட்டும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. மூன்று வாரம் வரை பூனைக்குட்டி தானாகச் சிறுநீர் கழிக்காது. மலமும் கழிக்காது. தாய் அடி வயிற்றை நக்கிக் கொடுத்தால்தான் போகும். நாக்குக்குப் பதில் நாம் பஞ்சை வைத்துக்கொள்ள வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பிழியுங்கள். பால் கொடுத்ததும் பின் பக்கத்தை மெதுவாகத் தடவி விடுங்கள். இதைச் செய்யாவிட்டால் எவ்வளவு நல்ல பால் கொடுத்தும் பயன் இல்லை.

மளிகைக் கடைத் தராசில் குட்டியைத் தினமும் நிறுத்துப் பாருங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு எடையை எழுதுங்கள். நாளுக்குச் சுமார் 10 கிராம் ஏறினால் நன்றாக வளர்கிறது. ஒரு நாள் ஏறாவிட்டால் கவனியுங்கள். எடை இறங்கினால் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். காத்திருக்க வேண்டாம்.

பால் சோற்றில் வளர்ந்த பூனையா?

மூன்று வாரத்தில் பல் முளைக்கும். நான்காம் வாரம் குட்டி உங்கள் விரலைக் கடிக்கும். இனிமேல் உணவு கொடுக்கலாம். என்ன உணவு?

"எங்க வீட்டுப் பூனை பால் சோறு தின்னே பத்து வருசம் இருந்துச்சு" என்று பலர் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள். பகலில் பால் சோறு தின்ற அந்தப் பூனை இரவில் எங்கே போனது? எலி பிடித்தது. பல்லி, ஓணான், வெட்டுக்கிளி, குருவி எல்லாம் தின்றது. உண்மையில் அது எலியில் வளர்ந்த பூனை. பால் சோறு அதற்கு நொறுக்குத் தீனி மாதிரி.

எலி பிடிக்கத் தெரியாத குட்டிக்கு அந்த வசதி இல்லை. நாம் போடுவதுதான் அதற்கு எல்லாம். வெறும் பால் சோறு போட்டால் ரோமம் உதிரும். கால் எலும்பு வளையும். வயிறு மட்டும் பானை போல் ஆகும்.

பூனை புலியின் இனம். மாடு புல் தின்னப் பிறந்தது போல, பூனை இறைச்சி தின்னப் பிறந்தது. நாய் அப்படி இல்லை. நாய் சோறு, ரொட்டி தின்றும் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். பூனையால் முடியாது. உதாரணமாக, நாம் கேரட், கீரை தின்றால் நம் உடம்பு அதிலிருந்து ஏ வைட்டமினைத் தயாரித்துக்கொள்ளும். பூனையின் உடம்புக்கு அந்த வேலை தெரியாது. அதற்கு ஏ வைட்டமின் ஈரலில் இருந்தோ முட்டையில் இருந்தோ நேராக வர வேண்டும்.

டாரின் என்று ஒரு சத்து இருக்கிறது. அது இறைச்சியிலும் மீனிலும் மட்டும்தான் போதுமான அளவு உண்டு. தானியத்தில் இல்லை. டாரின் இல்லாவிட்டால் பூனைக்குக் கண் போய்விடும் என்று 1975ஆம் ஆண்டிலேயே கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் பல பூனைகள் இதயம் பலவீனமாகிச் செத்துக்கொண்டிருந்தன. அவை கடையில் விற்கும் பூனை உணவைத் தின்றவை. 1987ஆம் ஆண்டில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் காரணத்தைச் சொன்னார்கள். அந்த உணவில் டாரின் போதவில்லை! டாரின் கொடுத்ததும் பல பூனைகளின் இதயம் தேறியது. அதன் பிறகு உணவுக் கம்பெனிகள் டாரின் அளவைக் கூட்டின. படித்தவர்கள் தொழிற்சாலையில் செய்த உணவிலேயே இவ்வளவு பெரிய தவறு. அப்படியென்றால் வீட்டில் செய்யும்போது எவ்வளவு கவனம் வேண்டும்!

எலியைப் பார்த்து உணவு செய்வது

ஓர் எலியில் என்னென்ன இருக்கிறது? சதை இருக்கிறது. இதயம், ஈரல் இருக்கிறது. எலும்பு இருக்கிறது. நிறையத் தண்ணீர் இருக்கிறது. வயிற்றில் அது தின்ற தானியம் கொஞ்சம் இருக்கிறது. பூனை இவை எல்லாவற்றையும் சேர்த்துத் தின்கிறது. நாம் செய்ய வேண்டியதும் இந்தக் கலவையைத்தான்.

வீட்டில் கோழிக்கறி வாங்கும் நாளில் மசாலா போடும் முன் 100 கிராம் சதையைத் தனியே எடுத்து வையுங்கள். கோழியின் இதயத்தையும் எடுங்கள். ஈரலில் கட்டை விரல் நகம் அளவு ஒரு துண்டு போதும். இவற்றைக் கொஞ்சம் தண்ணீரில் வேகவையுங்கள். உப்பு, மிளகாய், எண்ணெய்த் தாளிப்பு எதுவும் வேண்டாம். வெந்ததும் எலும்பு இல்லாமல் நன்றாக மசித்துவிடுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டக் கூடாது. டாரின் தண்ணீரில் கரைந்துவிடும். அந்தத் தண்ணீரையே சேர்த்துக் கூழ் போல் பிசையுங்கள்.

எலும்புக்கு என்ன செய்வது? வெந்த கோழி எலும்பைக் கொடுத்தால் ஊசி போல் உடைந்து குடலைக் குத்தும். அதற்குப் பதில் முட்டை ஓடு இருக்கிறது. நாம் குப்பையில் எறியும் ஓடுதான். அதைக் கழுவி, கொதிக்கும் நீரில் போட்டு எடுத்து, வெயிலில் காய வையுங்கள். மிக்சியிலோ அம்மியிலோ மாவு போல் அரைத்துச் சலியுங்கள். 100 கிராம் கறிக்கு இரண்டு சிட்டிகை போடுங்கள். சுண்ணாம்புச் சத்து கிடைத்துவிடும். இது மிக முக்கியம். தினமும் கறி போட்டு ஆசையாய் வளர்த்த குட்டி, மேசையில் இருந்து குதித்ததும் கால் ஒடிந்து கிடக்கும். வெறும் சதையில் சுண்ணாம்புச் சத்து கிடையாது. அதனால் உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துக்கொள்கிறது. எலும்பு மெலிந்துவிடுகிறது.

கடைசியாக ஒரு ஸ்பூன் குழைந்த சோறு சேர்க்கலாம். சேர்க்காவிட்டாலும் குறை இல்லை. சோறு கறியை விட அதிகமாகிவிடக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள் கறிக்குப் பதில் ஒரு வெந்த முட்டை கொடுக்கலாம். இந்த 100 கிராம் உணவு ஆறு, ஏழு வாரக் குட்டிக்கு ஏறக்குறைய ஒரு நாள் சாப்பாடு. நான்கு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள்.

முதல் நாளே தட்டு நிறைய வைக்க வேண்டாம். முதலில் அந்தக் கூழில் முட்டைப் பால் கலந்து விரலில் தொட்டு நக்கக் கொடுங்கள். பிறகு தட்டையான தட்டில் வையுங்கள். குட்டி தட்டுக்குள் நடந்து, மூக்கிலும் காதிலும் பூசிக்கொள்ளும். சிரித்துவிட்டுத் துடைத்துவிடுங்கள். இரண்டு வாரத்தில் பழகிவிடும். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து எட்டாம் வாரம் நிறுத்திவிடலாம். அதன் பிறகு அதற்குத் தேவை பால் அல்ல, தண்ணீர்.

ஈரல் குட்டிகளுக்கு மிகவும் பிடிக்கும். விலையும் குறைவு. அதனால் சிலர் தினமும் ஈரலே போடுவார்கள். அது தவறு. ஏ வைட்டமின் அளவு மீறினால் கழுத்து எலும்பு விறைத்துப்போகும். கொஞ்சம் மருந்து, நிறைய விஷம் என்பது ஈரலுக்குச் சரியாகப் பொருந்தும்.

மீன் தின்னும் ஊரில்

வங்காளத்தில் சஷ்டி என்று ஒரு தெய்வம் உண்டு. குழந்தைகளைக் காப்பவள் என்று அங்குள்ள தாய்மார்கள் வணங்குகிறார்கள். அவளுடைய வாகனம் பூனை. அதனால் பூனையை அடிப்பது அங்கே பாவம். மீன் முள்ளையும் சோற்றையும் பூனைக்கு வைப்பது பழைய வழக்கம்.

மீன் நல்ல உணவுதான். ஆனால் முள் குட்டியின் தொண்டையில் குத்தும். மத்தி, நெத்திலி போன்ற சின்ன மீன் என்றால் ஒரு வழி உண்டு. குக்கரில் அரை மணி நேரம் வேகவிடுங்கள். முள் பஞ்சு போல் ஆகிவிடும். விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும். அப்போது முள்ளும் உணவாகிவிடும். முட்டை ஓடு தேவையில்லை. பெரிய மீன் என்றால் முள் எடுத்துவிட்டுச் சதையை மட்டும் கொடுங்கள்.

பச்சை மீன் போட வேண்டாம். சில மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் இருக்கிறது. வேகவைத்தால் அது போய்விடும். தினமும் மீனே போடுவதும் நல்லதல்ல. வாரத்தில் இரண்டு, மூன்று நாள் போதும். கருவாடு கூடவே கூடாது. அத்தனையும் உப்பு.

சைவ வீட்டில்

குஜராத், ராஜஸ்தான் பக்கம் பல வீடுகளில் கறி, மீன் சமைக்க மாட்டார்கள். பூனைக்கு ரொட்டியைப் பாலில் ஊறவைத்துப் போடுவார்கள். வெளியே சுற்றும் பெரிய பூனைக்கு அது போதும். எலி இருக்கிறதே! வீட்டுக்குள் வளரும் குட்டிக்குப் போதாது. தயிரும் பனீரும் கொடுத்தாலும் டாரின் வராது. முட்டை உதவும். ஆனால் முட்டை மட்டும் போதாது. இப்படிப்பட்டவர்கள் கடையில் பூனைக்குட்டிகளுக்கான உணவை வாங்கி, வெந்நீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம். நாய் உணவு வாங்கக் கூடாது. அதில் டாரின் போதாது. இதற்கும் மனம் ஒப்பாவிட்டால், குட்டியைக் கறி சமைக்கும் வீட்டாருக்குக் கொடுத்துவிடுவதே மேல். கொள்கை நமக்கு. பசி அதற்கு.

கறி சமைக்கும் வீட்டிலும் இதை மறக்கக் கூடாது. மாதக் கணக்கில் வீட்டு உணவு மட்டுமே கொடுத்தால் ஏதாவது ஒரு சத்து விட்டுப் போகும். பாதி வீட்டு உணவு, பாதி கடை உணவு என்று கொடுப்பது பாதுகாப்பு. வாங்க முடியாதவர்கள் கால்நடை மருத்துவரிடம் சத்து மருந்து பற்றிக் கேட்கலாம்.

இவை விஷம்

வெங்காயம் பூனைக்கு விஷம். சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், பூண்டு எல்லாமே விஷம்தான். வேகவைத்தாலும் விஷம். பூனையின் ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்களை அது உடைத்துவிடும். அதனால்தான் குழம்பில் போட்ட கறியைக் கழுவிக் கொடுக்கக் கூடாது. மசாலாவுக்கு முன்பே எடுத்து வைக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. குட்டிக்கு உடம்பு சுட்டால் சிலர் வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுக்கிறார்கள். பாராசிட்டமால் மாத்திரை. நமக்கு அது சாதாரண மாத்திரை. பூனையின் உடம்பால் அதை வெளியேற்ற முடியாது. ஒரு மாத்திரை ஒரு பெரிய பூனையையே கொன்றுவிடும். கால் மாத்திரையும் குட்டிக்கு எமன். மனித மருந்து எதையும் கொடுக்காதீர்கள்.

சாக்லேட்டும் கொடுக்கக் கூடாது. பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

நல்ல உணவு கொடுத்தும் குட்டி மெலிகிறதா? வயிறு மட்டும் உப்பியிருக்கிறதா? குடலில் புழு இருக்கும். தாய்ப்பால் வழியாகவே புழு வந்துவிடுகிறது. மூன்று வாரத்தில் இருந்து குடற்புழு மருந்து கொடுக்கலாம். எடைக்குத் தக்க அளவை மருத்துவர் சொல்வார். அரசு கால்நடை மருத்துவமனை மாடு, ஆட்டுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பூனையையும் பார்ப்பார்கள். உங்கள் எடை நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவருக்கு அது மிகவும் உதவும்.

குட்டியைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கர்ப்பிணிப் பெண்கள் பூனையின் மலத்தை அள்ள வேண்டாம். வேறு யாராவது செய்யட்டும். பூனை மலத்திலும் வேகாத கறியிலும் உள்ள ஒரு கிருமி வயிற்றில் உள்ள குழந்தையைப் பாதிக்கும்.

வெறிநாய்க்கடி நோய் நாயால் மட்டும் வருவதில்லை. பூனை கடித்தாலும் வரலாம், பிறாண்டினாலும் வரலாம். தெருவில் இருந்து எடுத்து வந்த குட்டி கடித்துவிட்டால் அந்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த் தூள் எதையும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். "சின்னக் குட்டிதானே" என்று விட்டுவிடக் கூடாது.

எட்டு வாரத்தில் குட்டி ஏறக்குறைய 800 கிராம் இருக்கும். தட்டில் வைத்ததைத் தானே தின்னும். மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். ஊசி போட்டதும் ஓர் அட்டை தருவார்கள். அடுத்த ஊசிக்கான தேதி அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பார்த்து வாங்குங்கள்.